எந்தத் துண்டுக்கு எந்த மரம்?

கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரம் சிறிது நேரம் நின்று பார்த்தால், லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நம்மைக் கடந்து போகும். இரும்பு முகப்பு, இரும்புச் சட்டம், இரும்புக் கொள்கலன் என எங்கும் இரும்பே கண்ணில் படும். ஆனால், கொள்கலனின் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தால் நாம் மிதிப்பது பெரும்பாலும் மரத்தைத்தான். கொள்கலனின் தரை பொதுவாக 28 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒட்டுப்பலகையால் ஆனது. அந்தப் பலகையை நெடுங்காலமாகக் கெருயிங் போன்ற வெப்பமண்டலக் காட்டு மரங்களைக் கொண்டே செய்து வந்தார்கள். பாரந்தூக்கியின் சக்கரம் ஏறி இறங்கினாலும், ஆணி அடித்துச் சரக்கைப் பிணைத்தாலும் அது தாங்கும். இடத்துக்கேற்ற மரம் கிடைத்தால், இரும்பு நிற்கும் இடத்தில் மரமும் நிற்கும்.

இன்று தரையில் மட்டும் மிஞ்சியிருக்கும் மரம், ஒரு காலத்தில் லோரியின் உடல் முழுவதும் இருந்தது. மலாயாவுக்கு வந்த பிரிட்டிஷ் லோரிகளில் பெட்ஃபோர்டு புகழ்பெற்றது. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் அது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட லோரிகளைச் செய்து கொடுத்தது. அக்கால லோரிகள் பல முழு வண்டியாக விற்கப்படவில்லை. இயந்திரம், சக்கரங்கள், இரும்பு அடிச்சட்டம் ஆகியவற்றோடு மட்டுமே அவை வந்து சேர்ந்தன. மீதியை உள்ளூர்த் தச்சர் கட்டினார். 'பாடி கட்டுதல்' என்று நம் பேச்சு வழக்கில் இன்றும் உள்ள சொல் அந்த வேலையைத்தான் குறிக்கிறது. தமிழ்நாட்டில் நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் ஆகிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றவை.

நம் நாட்டில் தோட்டத்து லோரியில் ஏறிப் பள்ளிக்குச் சென்ற பாட்டிமார்களும் தாத்தாமார்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டு நின்ற பக்கப்பலகை மரம். பால் வாளிகளை அடுக்கிய தரையும் மரம். அத்தகைய லோரி ஒன்று, அடிச்சட்டம் உறுதியாகவும் மரம் உளுத்தும், கிள்ளானில் ஒரு கொட்டகையில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் புதுப்பிக்க வேண்டும். எந்த மரத்தை வாங்குவது?

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் விடைகள் இரண்டு. ஒன்று தேக்கு, மற்றொன்று செங்கால். (செங்கால் என்றதும் சத்திமுத்தப் புலவரின் நாரை நினைவுக்கு வரலாம். இது மலாய்ப் பெயரின் ஒலிபெயர்ப்பு மட்டுமே.) இரண்டும் உயர்ந்த மரங்கள். ஆயினும், "எது சிறந்த மரம்?" என்னும் கேள்வியே பொருத்தமற்றது. லோரியின் உடற்கூட்டில் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு வேலையைச் செய்கிறது. "இந்தத் துண்டின் வேலை என்ன?" என்று கேட்ட பிறகே மரக்கடைக்குப் போக வேண்டும்.

சக்கரம் செய்தவர்கள் அறிந்தது

இது புதிய அறிவன்று. கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டு நேர்ந்த தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வேய்ந்த மரவீடுகளை அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்ட முனைந்தார்கள். செங்கற்சூளைகள் நிறைந்த பகுதிக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. அக்காலத்தில் சுமை இழுத்தவை மாட்டு வண்டிகள். மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கூர்ந்து பார்த்தால், நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், வெளியே வட்டை என மூன்று உறுப்புகள் தெரியும். குடம் பிளக்கக் கூடாது. ஆரக்கால் அமுங்கக் கூடாது. வட்டை அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். இங்கிலாந்துச் சக்கரத் தச்சர்கள் குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என மூன்று மரங்களைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலமரம் பெயர் பெற்றது. மூன்று அடி விட்டமுள்ள ஒரு சக்கரத்துக்கே இவ்வளவு யோசித்தார்கள் என்றால், நான்கு மீட்டர் நீளமுள்ள லோரி உடலுக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்!

உடற்கூட்டின் உறுப்புகள்

லோரியின் இரும்பு அடிச்சட்டம் இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகளால் ஆனது. அவற்றின் மேல், அதே நீளத்துக்கு இரண்டு மரக்கட்டைகளைக் கிடத்துவார்கள். இவற்றை நெடுங்கட்டைகள் என்போம். நெடுங்கட்டைகளின் குறுக்கே, ஏணிப்படிகள் போல, குறுக்குக்கட்டைகள் வரும். குறுக்குக்கட்டைகளின் மேல் தளப்பலகைகள். சுற்றிலும் பக்கப்பலகைகளும் முன்தடுப்பும் பின்கதவும். இவற்றைத் தவிர, பழைய லோரிகள் பலவற்றில் ஓட்டுநர் அறையின் எலும்புக்கூடும் மரந்தான். மெல்லிய தகட்டை அதன்மேல் அறைந்திருப்பார்கள்.

இரும்பின் மேல் நேராக இரும்பை வைக்காமல் ஏன் நெடுங்கட்டையை இடையில் வைத்தார்கள்? லோரி பள்ளத்தில் இறங்கும்போது அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். இரும்பும் இரும்பும் உரசினால் இரண்டும் தேயும், சத்தமும் எழும். இடையிலிருக்கும் மரம் அந்த முறுக்கலை உள்வாங்கிக்கொள்கிறது. நெடுங்கட்டையை அடிச்சட்டத்தோடு பிணைக்க, யு வடிவ ஆணிகளால் இரண்டையும் சேர்த்து இறுக்குவார்கள். அடிச்சட்டத்தின் மேல்விளிம்பில் துளையிட்டு ஆணி முடுக்குவது தவறு. இரும்பில் துளை விழுந்த இடத்திலிருந்துதான் வெடிப்பு தொடங்கும்.

குறுக்குக்கட்டையின் வேலை வேறு. அது ஓர் உத்தரம். மேலிருந்து சுமை அழுத்தும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே, கீழ்விளிம்பில், ஒரு கணு இருந்தால் அந்த இடத்தில் கட்டை முறியும். அதே கணு மேல்விளிம்பில் இருந்தால் ஆபத்து குறைவு. ஆனால், நெடுங்கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைப்பகுதியில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே இழுபடுவது மேற்பகுதி. ஆகவே, நல்ல தச்சர் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகே மேல்பக்கத்தைக் குறிப்பார்.

கட்டையை எப்படிக் கிடத்துகிறோம் என்பதும் மரத்தின் வகைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. 50 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். உத்தரத்தின் வலிமை அகலத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப அமையும். படுக்க வைத்தால் 100 × 50 × 50 = 250,000. நிமிர்த்தி வைத்தால் 50 × 100 × 100 = 500,000. அதே கட்டை, அதே விலை; வலிமை இரண்டு மடங்கு. வளையாமல் நிற்கும் தன்மை உயரத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதால், அது நான்கு மடங்காகிறது. கணிதப் பாடத்தில் நாம் மனனம் செய்யும் வர்க்கமும் கனமும் லோரியின் அடியில் இப்படித்தான் படுத்திருக்கின்றன.

கனமான மரம் தின்னும் சுமை

மலேசியாவில் வன்மரங்களை அடர்த்தியையும் இயற்கையான நீடிப்புத் தன்மையையும் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரு கன மீட்டருக்கு 800 கிலோகிராமுக்கு மேற்பட்டு, இயல்பாகவே நீடித்து உழைப்பவை கன வன்மரங்கள். செங்காலும் பாலாவும் இவ்வகை. ஏறத்தாழ 720 முதல் 880 வரை உள்ளவை நடுத்தர வன்மரங்கள். கெருயிங், கெம்பாஸ், காப்பூர் ஆகியவை இதில் அடங்கும். 400 முதல் 720 வரை உள்ளவை இலகு வன்மரங்கள். மெராந்தி இதற்கு எடுத்துக்காட்டு. இவை பொதுவான எல்லைகளே. ஒரே பெயருள்ள மரத்திலும் அடர்த்தி மிகவும் வேறுபடும் என்பதால், தனி மரங்களின் அளவு சில வேளைகளில் இவற்றைத் தாண்டிவிடும்.

நம் லோரியின் தளம் நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிப்பு என்று கொள்வோம். கன அளவு 0.2 கன மீட்டர். காய்ந்த செங்காலின் அடர்த்தி 915 முதல் 980 வரை. ஆகவே, செங்கால் தளம் 183 முதல் 196 கிலோகிராம் எடையிருக்கும். கெருயிங் 690 முதல் 945 வரை என்பதால் 138 முதல் 189 வரை. அடர்சிவப்பு மெராந்தி 415 முதல் 885 வரை. தளத்தின் எடை 83 முதல் 177 கிலோகிராம். இது தளத்துக்கு மட்டுமான கணக்கு. நெடுங்கட்டைகள், குறுக்குக்கட்டைகள், பக்கப்பலகைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் வேறுபாடு பெருகும்.

லோரியின் கதவில் பி.டி.எம்., பி.டி.எம். என்று ஒலிக்கும் இரண்டு மலாய்ச் சுருக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். நடு எழுத்து ஒன்றில் வல்லினமாகவும் மற்றொன்றில் மென்மையாகவும் ஒலிக்கும் என்பதால் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று சுமையில்லாத எடை. மற்றொன்று சுமையோடு கூடிய எடை. சுமையோடு கூடிய எடைக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. வண்டியின் சொந்த எடை கூடினால், ஏற்றக்கூடிய சரக்கின் எடை அந்த அளவுக்குக் குறையும். எல்லாவற்றையும் செங்காலில் கட்டிய லோரி அழகாக இருக்கலாம். ஆனால், அது தன்னையே சுமந்து திரியும் லோரி. மேலும், எடை மேலே கூடக்கூட, வளைவுகளில் சாயும் ஆபத்தும் கூடும். வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதென்றால், முன்கூட்டியே சாலைப் போக்குவரத்துத் துறையை அணுகி ஒப்புதல் பெற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மண்ணில் புதைத்துச் சோதித்த மரங்கள்

மரத்தின் வலிமையை அளப்பதைவிட, அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று அளப்பது கடினம். இதற்கு ஓர் எளிய, பொறுமையான வழி உண்டு. 5 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள முளைகளாக மரத்தை வெட்டி மண்ணில் நடுவார்கள். பிறகு ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்ப்பார்கள். கறையானும் பூஞ்சையும் தின்று முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது என்பதே சோதனை. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் இவ்வாறு பல மரங்களைச் சோதித்திருக்கிறார்கள். வரிசையாக நட்ட முளைகள் கல்லறைகளைப் போல் தோன்றுவதால் இதற்கு 'இடுகாட்டுச் சோதனை' என்றே பெயர். பத்தாண்டுக்கு மேல் நிற்பது மிக நீடித்த மரம். ஐந்து முதல் பத்தாண்டு வரை நீடித்த மரம். இரண்டு முதல் ஐந்து வரை நடுத்தரம். இரண்டாண்டுக்குள் மடிவது நீடிக்காத மரம்.

அந்தக் கழகம் அமைந்திருக்கும் காடே ஒரு வியப்பு. ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நட்டு வளர்த்த காடு அது. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்டது.

செங்கால் இச்சோதனைகளில் முன்வரிசையில் நிற்கும் மரம். கெருயிங்கும் கெம்பாசும் வலிமையில் குறைந்தவை அல்ல. ஆனால், நனைந்த மண்ணில் அவற்றை அப்படியே விட்டால் நெடுநாள் தாங்கா. அதனால் அவை பயனற்றவை ஆகிவிடவில்லை. அவை காப்பு மருந்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். நம் நாட்டு இரயில் பாதைகளின் குறுக்குக்கட்டைகளாகச் செங்காலை மருந்தின்றியும் கெம்பாசை மருந்தூட்டியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் பலருக்கு இந்தக் கட்டைகளின் எடை தோளில் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடுகாட்டுச் சோதனையின் முடிவுகள் மரத்தின் நடுவே உள்ள வைரத்துக்கு மட்டுமே உரியவை. வைரத்தைச் சுற்றி வெளிப்புறமாக உள்ள வெளிறு, எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் விரைவில் உளுத்துவிடும். உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், பனையையும் தென்னையையும் போல வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பிரித்திருக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பவை அதன் சொற்கள். மரக்கடையில் "செங்கால்தான்" என்று காட்டும் கட்டையின் ஓரத்தில் வெளுத்த பட்டை ஒன்று ஓடினால், அது செங்காலின் வெளிறு. செங்காலுக்கு உரிய விலையைக் கொடுத்து அதை வாங்குவது வீண்.

இரும்போடு ஒத்துப்போகாத மரங்கள்

லோரி உடலில் மரம் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் இரும்பு ஆணியும் தகடும் உண்டு. இங்கேதான் பலரும் எதிர்பாராத சிக்கல் எழுகிறது. சில மரங்களில் இயற்கையாகவே சிறிதளவு அமிலத்தன்மை உள்ளது. காப்பூரும் கெம்பாசும் இத்தகையவை. மழை நீர் மூட்டுக்குள் இறங்கினால், அந்த அமிலம் இரும்பை அரிக்கத் தொடங்கும். இரும்பின் துரு திரும்ப மரத்தின் நாரைச் சிதைக்கும். வெளியே பார்த்தால் பலகை நன்றாயிருக்கும். ஆணியைச் சுற்றி மட்டும் விரல் நுழையும் அளவுக்குக் கருத்த குழி இருக்கும். மெர்பாவில் வேறொரு தொல்லை. அதிலுள்ள சாயப்பொருள் மழையில் கரைந்து பழுப்பு நிறத்தில் வடியும். இரும்பு பட்ட இடம் கறுத்துவிடும். 2019ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட பெருமை மெர்பாவுக்கு உண்டு. எனினும், வெள்ளைச் சாயம் பூசிய லோரிக்கு அதைப் பரிந்துரைக்கத் தயக்கமாகவே இருக்கிறது.

காப்பூர் என்னும் பெயரைத் தமிழ் மாணவர்கள் சற்று நின்று கவனிக்கலாம். கற்பூரம் என்னும் சொல்லோடு உறவுடைய பெயர் இது. இம்மரத்திலிருந்து கிடைத்த கற்பூரத்தை வாங்கத்தான் பழங்காலத்தில் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்துக்குச் சென்றார்கள். அங்கே லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. 'ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவை அது குறிப்பிடுகிறது. கெப்போங் காட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால், காப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் ஓடை போன்ற இடைவெளி விட்டு நிற்பதைக் காணலாம். வெட்டிய பலகையிலும் கற்பூர மணம் சிறிது இருக்கும். மரத்தை அடையாளம் காண மூக்கும் ஒரு கருவிதான்.

இந்த மரங்களை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. நாகம் பூசிய ஆணிகளையோ துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையோ பயன்படுத்தலாம். ஆணித்துளைக்குள்ளும், மரமும் இரும்பும் தொடும் பரப்பிலும் தார்ச்சாயம் பூசலாம். தேக்கின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அதிலுள்ள எண்ணெய்ப் பசை இரும்பைக் காப்பதால்தான் கப்பல் கட்டுவோர் அதை அவ்வளவு விரும்பினார்கள்.

ஒரே மரத்துக்குப் பல பெயர்

கெருயிங்கைப் பிலிப்பீன்சில் அப்பித்தோங் என்பார்கள். இந்தியாவில் அதன் உறவு மரங்களுக்குக் குர்ஜன் என்று பெயர். அமெரிக்காவில் இழுவை வண்டிகளின் தளத்துக்கு விரும்பி வாங்கப்படும் அப்பித்தோங் இதுதான். சபாவில் செராயா என்று கேட்டால், தீபகற்பத்தில் மெராந்தி என்று நாம் அழைக்கும் இனத்தைத் தருவார்கள். மெராந்தி என்பதும் ஒரே மரமன்று. பல இனங்களை ஒன்றாகக் கட்டிய வணிகப் பெயர். ஆகவே, பெயரை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து.

வெட்டுமுனையைக் கூரிய கத்தியால் வழித்து, பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியால் பார்த்தால் மரம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மெராந்தியில் பிசின் குழாய்கள் வெண்ணிற வளைகோடுகளாக ஓடும். கெருயிங்கில் அவை சிறுசிறு வரிசைகளாகச் சிதறியிருக்கும். வெயிலில் வைத்தால் பிசின் கசிந்து கையில் ஒட்டும். தளப்பலகைக்கு இந்தக் கசிவு பெரிய குறையன்று. சாயம் பூசி எழுத்து எழுதும் பக்கப்பலகைக்கு இது பெருந்தொல்லை. ஐயம் தீரவில்லை என்றால், வன ஆய்வுக் கழகத்துக்குச் சிறு துண்டை அனுப்பி மர இனத்தைக் கண்டறியலாம்.

பழைய லோரியைப் புதுப்பிப்போர் முதலில் அனுப்ப வேண்டியது புதிய மரத்தின் துண்டை அன்று. பழைய உடலிலிருந்து எடுத்த துண்டை. அது என்ன மரம் என்று தெரிந்தால், அந்த லோரியைக் கட்டிய தச்சர் என்ன நினைத்தார் என்பது தெரியும். பெரும்பாலும் அந்தத் தச்சரின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அவர் விட்டுச்சென்ற ஒரே ஆவணம் அந்த மரந்தான். உளுத்துப்போனது என்று அதை அள்ளித் தீயில் போட்டுவிட்டு, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முடிப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் மீள்வது லோரியின் வெளித்தோற்றம் மட்டுமே. ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, அளந்து, படம் வரைந்து, மூட்டுகளைப் புகைப்படம் எடுத்த பிறகே பிரிக்க வேண்டும். கழுந்தும் துளையும் சந்திக்கும் மூட்டு ஒன்றாவது சிதையாமல் கிடைத்தால், அதை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். எங்கே உளுத்திருக்கிறது என்பதையும் படத்தில் குறிக்க வேண்டும். முன்தடுப்பின் அடி, கட்டைகளின் வெட்டுமுனை, சேறு தங்கும் மூலை ஆகியவை வழக்கமாக முதலில் கெடும் இடங்கள். புதிய உடலில் நீர் வடிய வழி எங்கே வேண்டும் என்பதை அந்தப் படமே சொல்லும்.

ஈரம்

சரியான மரத்தை வாங்கிய பிறகும் ஈரம் ஆளைக் கவிழ்க்கும். மரத்தின் ஈர அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு சிறு துண்டை நிறுத்தால் 115 கிராம். அடுப்பில் முற்றிலும் காய வைத்து நிறுத்தால் 100 கிராம். இழந்த 15 கிராமை உலர்ந்த எடையான நூற்றால் வகுத்தால் 15 விழுக்காடு. நம் நாட்டுக் காற்றில் நன்கு காய்ந்த மரம் பொதுவாக 15 முதல் 19 விழுக்காடு ஈரத்தோடு நிற்கும். அதற்கு மேல் ஈரமுள்ள பச்சை மரத்தில் உடலைக் கட்டினால், சில மாதங்களில் ஆணிகள் தளரும். மூட்டுகள் வாய் பிளக்கும்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சிறிது சுருங்கும். வளையங்களின் போக்கில் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். பலகை குழிந்து வளைவதற்கு இந்த வேறுபாடே காரணம். மெர்பாவும் தேக்கும் குறைவாகச் சுருங்குபவை. கெருயிங் நன்றாகவே சுருங்கும். ஆகவே, கெருயிங் தளத்தில் பலகைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவது நல்லது. மழை நீரும் அவ்வழியே இறங்கிவிடும்.

இனித் தேர்ந்தெடுக்கலாம்

நெடுங்கட்டைகள் இரண்டுக்கும் செங்கால் தகும். அவை எப்போதும் இரும்போடு ஒட்டி, ஈரத்தை அடக்கிக்கொண்டு இருப்பவை. பின்னர் மாற்றுவதும் கடினம். உடல் முழுவதையும் கழற்றினால்தான் கை எட்டும். செலவைக் கூட்ட வேண்டிய ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். குறுக்குக்கட்டைகளுக்குப் பாலாவ் அல்லது மருந்தூட்டிய கெம்பாஸ் போதும். கெம்பாசைத் தேர்ந்தால், துளையிடாமல் ஆணியை அடிக்கக் கூடாது, பிளந்துவிடும். ஆணிகளும் நாகம் பூசியவையாக இருக்க வேண்டும். தளத்துக்குக் கெருயிங். அதில் மணற்சத்து கலந்திருப்பதால் வாளின் பல் விரைவில் மழுங்கும், தச்சர் முணுமுணுப்பார். ஆனால், உலகெங்கும் சரக்கு வண்டிகளின் தரையாக உழைத்துத் தன்னை மெய்ப்பித்த மரம் அது. பக்கப்பலகைகளைக் கையால் தூக்கி இறக்க வேண்டும் என்பதால் அடர்சிவப்பு மெராந்தி ஏற்றது. ஒரு பலகை உடைந்தாலும் அரை நாளில் மாற்றிவிடலாம்.

கடினமான கேள்வி ஓட்டுநர் அறையைப் பற்றியது. இங்கிலாந்தில் அதற்கு ஆஷ் மரத்தைப் பயன்படுத்தினார்கள். மால்வர்ன் நகரின் மோர்கன் நிறுவனம் தன் கார்களுக்கு அம்மரத்தில் சட்டம் செய்து புகழ்பெற்றது. 1953 முதல் 1971 வரை வெளிவந்த மோரிஸ் மைனர் டிராவலர் காரின் பின்பகுதியில் வெளியே தெரியும் சட்டமும் அதுவே. அது வெறும் அலங்காரமன்று. காரின் கட்டமைப்பின் ஓர் உறுப்பு. ஆஷ் அதிர்ச்சியைத் தாங்கும். நீராவியில் வளைக்க எளிது. ஆனால், அது இயற்கையில் நீடிக்காத மரம். குளிர்நாட்டில் கொட்டகைக்குள் நிறுத்தும் காருக்கு அது பொருந்தலாம். நம் மழையில், நம் கறையான்களுக்கு நடுவே, அதைக் கொண்டுவந்து வைப்பது விருந்து வைப்பதாகும். "மூலத்தில் ஆஷ் இருந்தது, ஆகவே ஆஷ்தான் வேண்டும்" என்று வாதிடுவோர் உண்டு. காட்சியகத்தில் குளிரூட்டிய அறையில் நிற்கப்போகும் லோரி என்றால் அந்த வாதத்தை ஏற்கலாம். சாலையில் ஓடப்போகும் லோரிக்குத் தேக்கே மேல் என்பது என் கருத்து. திருகாணியை இறுகப் பிடிக்கும், சுருக்கம் குறைவு, இரும்பைக் கெடுக்காது, மிகுந்த எடையும் இல்லை. வளைந்த உறுப்புகளை மட்டும் மெல்லிய தேக்குப் பட்டைகளை அச்சில் வளைத்து ஒட்டிச் செய்ய வேண்டும். ஒட்டுவதற்கு முன் பரப்பிலுள்ள எண்ணெய்ப் பசையைத் துடைத்து நீக்காவிட்டால் பசை பிடிக்காது.

மருந்தூட்டிய மரத்தைக் கையாளுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்தேறிய மரத்தின் தூளைச் சுவாசிக்கக் கூடாது. மிச்சத் துண்டுகளை அடுப்பெரிக்கப் பயன்படுத்தவே கூடாது. எரித்தாலும் ஆர்செனிக் அழியாது. புகையிலும் சாம்பலிலும் தங்கும்.

இனி அந்த இரண்டு செங்கால் கட்டைகள். செங்கால் தீபகற்ப மலேசியாவுக்கே ஏறத்தாழ உரிய மரம். மிக மெதுவாக வளரும். திரங்கானுவில் பாசிர் ராஜா காட்டில் நிற்கும் பெருஞ்செங்காலின் வயது 1300 ஆண்டுகளுக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. நான்கு மீட்டர் நீளத்துக்கு வைரம் மட்டுமே உள்ள கட்டை தர, ஒரு செங்கால் பல தலைமுறைக் காலம் வளர்ந்திருக்க வேண்டும். எனவே, புதிதாக வெட்டியதைத் தேடுமுன், இடித்த பழைய வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் விற்கும் கடைகளைத் தேடிப் பார்ப்பது நல்லது. அத்தகைய மரம் பல்லாண்டுக் காலம் காய்ந்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும். வாங்கும்போது கட்டையின் இரு முனைகளையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பொந்து இருந்தால் ஒலி மந்தமாகும். பிறகு, வாளில் கொடுப்பதற்கு முன், காந்தத்தை நீளவாக்கில் நகர்த்தி நான்கு பக்கமும் தடவ வேண்டும். தலை முறிந்து மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் பழைய ஆணி ஒன்று போதும், வாளின் பற்களையும் அருகில் நிற்பவரின் கண்ணையும் கெடுக்க.